அக்காவின் கையெழுத்து

1989-க்கு முன்பு தமிழ்நாட்டில் ஓர் இந்துக் குடும்பத்தின் பூர்வீக நிலத்தைப் பாகம் பிரித்த கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நிலம் 6 ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இருப்பவர்கள் அம்மா, ஒரு மகன், ஒரு மகள். மகன் பிறக்கும்போதே பூர்வீகச் சொத்தில் பங்காளி. அதனால் 3 ஏக்கர் எடுத்த எடுப்பிலேயே அவனுக்கு ஒதுங்கிவிடும். அப்பாவின் பங்கான மீதி 3 ஏக்கரில்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் இடம். அதிலும் மகனுக்கு இன்னொரு பங்கு உண்டு. ஆக மகனுக்கு 4, அம்மாவுக்கு 1, மகளுக்கு 1. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொன்ன கணக்கு இது. அந்த 1 ஏக்கராவது மகள் கைக்கு வந்துசேர்ந்த குடும்பங்களை எங்கள் பக்கத்து ஊர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டின் கதை இன்னும் மோசம். அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. மணமாகாதவள், கணவனை இழந்தவள், கணவனால் கைவிடப்பட்டவள் ஆகியோர் அங்கே தங்கிக்கொள்ளலாம். புருஷனோடு வாழ்பவளுக்கு அந்தத் தங்கும் உரிமைகூடக் கிடையாது. பிறந்து வளர்ந்த வீட்டில் அவள் விருந்தாளி என்பதை ஊர் வழக்கம் மட்டும் சொல்லவில்லை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே சொன்னது. அந்தப் பிரிவு 2005 வரை உயிரோடு இருந்தது.

ஆனாலும் 1956-ஐக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதற்கு முந்தைய நிலையை நினைத்தால் அது பெரிய தாவல். 1937-க்கு முன்னால் கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்குச் சோறும் சேலையும்தான். அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர். 1937-இல் வந்த சட்டம் கணவனின் பங்கை அவளுக்குக் கொடுத்தது. கொடுத்தாலும், ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ளலாம், தன் இஷ்டப்படி யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அவள் கண்ணை மூடினால் நிலம் கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போய்விடும். அந்த அரைகுறைப் பாத்தியதையை முழு உரிமையாக்கியது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அதற்காக நடந்த சண்டை சிறியதல்ல. மகளுக்கும் பங்கு தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை இழுத்தடித்ததுதான் 1951-இல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு முக்கியமான காரணம்.

தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கை அதற்கும் முந்தையது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு நிகரான சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது சட்டமாக 60 ஆண்டு பிடித்தது. 1989-இல் கருணாநிதி அரசு கொண்டுவந்த திருத்தம், மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி என்றது. மேலே சொன்ன அதே 6 ஏக்கரை இப்போது பிரித்தால் மகனுக்கு 2 ஏக்கர் 66 சென்ட் சொச்சம், மகளுக்கும் அதேதான், மிச்சம் 66 சென்ட் சொச்சம் அம்மாவுக்கு. அம்மாவின் பங்கு குறைந்துபோனதை யாரும் அன்று பெரிதாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்திலும் ஒரு கோடு போட்டார்கள். 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமாகிவிட்ட மகளுக்கு இது கிடையாது. ஒரே வீட்டில் தை மாதம் தாலி கட்டிப் போன அக்காவுக்குப் பழைய கணக்குதான், ஆவணியில் கட்டிப் போன தங்கைக்கு அண்ணனுக்குச் சமமான பாகம். என் சொந்தத்திலேயே இப்படி இரண்டு பேர் உண்டு. அந்த அக்கா கடைசிவரை, 'எனக்கு ஜாதகம் சீக்கிரம் பொருந்திடுச்சு, அதான் தப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தபோது கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போனது. 23-ஆவது பிரிவும் போனது. ஆனால் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பதிலும் 2018-இல் வேறொரு பதிலும் சொல்ல, கீழ்க் கோர்ட்டுகளில் மகள்கள் அல்லாடினார்கள். 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை முடித்துவைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை.

கோர்ட்டுக்குப் போகும் பெண்ணுக்குக் காலம் என்ன விலை கேட்கிறது என்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. சுயமாகச் சம்பாதித்த சொத்தோடு மாரப்ப கவுண்டர் என்பவர் 1956-க்கு முன்பே இறந்தார். அவருக்கு ஒரே மகள். அந்த மகளும் பிள்ளையில்லாமல் இறந்தபின், மாரப்ப கவுண்டரின் தம்பி மகள் தங்கம்மாள் ஐந்தில் ஒரு பாகம் கேட்டு வழக்குப் போட்டார். 1994-இல் விசாரணை நீதிமன்றத்தில் தோல்வி. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2022 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், 1956-க்கு முன்பும் அப்பாவின் சுயசம்பாத்தியம் மகளுக்கு வாரிசுரிமையாக வரும் என்று சொல்லித் தங்கம்மாள் தரப்புக்குத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் தலைப்பில் மேல்முறையீட்டாளர் பெயருக்குப் பக்கத்திலேயே, அவர் இறந்துவிட்டார், வாரிசுகள் வழக்கை நடத்துகிறார்கள் என்ற குறிப்பு இருக்கிறது.

சட்டப் புத்தகத்துக்கு வெளியே நடந்த மாற்றமும் சின்னதல்ல. முன்பு நிலக் கணக்கு கர்ணம் வீட்டில் இருந்தது. பரம்பரையாக வந்த பதவி, திண்ணையில் உட்கார்ந்து எழுதும் ஆண்கள். ஒரு பெண் போய், 'எங்கப்பா பேர்ல எந்த சர்வே நம்பர் இருக்கு?' என்று கேட்டால் அன்று சாயங்காலத்துக்குள் ஊரே அவளைப் பற்றிப் பேசும். 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்று பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசு இணையதளத்தில் எடுத்துவிடலாம். துபாயில் இருக்கும் மகள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகள், ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கொண்டே செல்போனில் அப்பாவின் சிட்டாவைப் பார்க்கிறாள். தன் பெயர் அதில் இல்லை என்பதையும் பார்க்கிறாள்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றை நிலம் வாங்குகிறவர்கள் கொண்டுவந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்துக் காடுகளெல்லாம் மனைகளான காலத்தில், வீட்டுக் கடன் தரும் வங்கிகளின் வக்கீல்கள் லீகல் ஒப்பீனியன் எழுதும்போது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'கூடப் பிறந்த பொண்ணுங்க கையெழுத்துப் போட்டாச்சா?' முன்பு அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் கூர்சீட்டு எழுதிப் பிரித்துக்கொண்டால் போதும். அக்காவிடம் சொல்லக்கூட வேண்டாம். இன்று அவள் கையெழுத்தில்லாமல் கிரயம் நடக்காது. சட்டம் அவளுக்குக் கொடுத்த பங்கை அவளிடமிருந்து எழுதி வாங்கும் வேலை அங்கேதான் தொடங்கியது.

உறவினர் ஒருவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தபோது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்று பதிவானதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முகூர்த்த நாள், நல்ல கூட்டம். ஒரு வேனில் மூன்று சகோதரிகள் வந்து இறங்கினார்கள். மூவருக்கும் பட்டுப்புடவை, தலையில் பூ. பத்திர எழுத்தர் கைகாட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். மூத்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ரேகை வைக்கும் கருவியில் அவர் பெருவிரல் பதியவேயில்லை. களை பிடுங்கியும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரல். துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, கடைசியில் பதிந்தது. 'சம்மதம்தானேம்மா?' என்று கேட்டார் அதிகாரி. அந்த அம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். வெளியே வந்து வேனில் ஏறும்போது கடைசிப் பெண் கேட்டாள், 'எத்தனை சென்ட்டுன்னு யாருமே சொல்லலையேக்கா?' மூத்தவர், 'சும்மா ஏறுடி' என்றார். மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு, ஆளுக்கொரு புடவை, ஒரு கவர். சொத்து விஷயம் அத்தோடு முடிந்தது.

இவர்களை ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே கொடுக்கும் விலை அது. புருஷன் அடித்தால், கடன்பட்டு ஓடிவிட்டால், அல்லது செத்துப்போனால் குழந்தைகளோடு போய் நிற்க ஓர் இடம் வேண்டும். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், சபையில் எடுத்துக் கட்டத் தாய்மாமன் சீர் வேண்டும், ஆடிக்கும் பொங்கலுக்கும் 'அக்கா வந்துட்டுப் போ' என்று ஒரு போன் வர வேண்டும். பாகம் கேட்டவளுக்கு இவை எல்லாம் நின்றுபோகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். 'எனக்கு என்னத்துக்குடா சொத்து? நீங்க நல்லா இருந்தா போதும்' என்று அக்காமார் சொல்வதில் பாசம் நிஜம், பயமும் நிஜம்.

ஆனால் அந்தப் பேரத்தில் எதிர்த்தரப்பு தன் வாக்கைக் காப்பாற்றும் காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. தம்பி பெங்களூரில் இரண்டு படுக்கையறை பிளாட்டில் இருக்கிறான். ஊர் வீடு விற்றாகிவிட்டது. வாழ்க்கை முறிந்து வரும் அக்கா எந்த வாசலுக்குப் போவாள்? 'கல்யாணத்துக்கு 50 பவுன் போட்டோமே, அதுதான் அவ பங்கு' என்பார்கள். அந்த நகை அவள் மாமியார் வீட்டுக்குப் போய், பாதி அடகுக் கடையில் இருக்கும். நிலமோ அண்ணன் கையில் ஆண்டுக்காண்டு விலை ஏறிக்கொண்டிருக்கும். தம்பியை இன்ஜினீயரிங் படிக்கவைக்க அப்பா செலவழித்த பணத்தை அவன் பங்கில் கழித்துக்கொண்ட குடும்பம் ஒன்றையாவது நீங்கள் பார்த்ததுண்டா? மகளுக்குச் செய்தது மட்டும் ஏன் கணக்கில் ஏறுகிறது?

சொத்து ஒரு பெண்ணுக்கு என்ன செய்கிறது என்பதைப் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். வீடும் நிலமும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் நீண்டகாலமாக அடிவாங்கியவர்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18 விழுக்காடு. வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10. இரண்டும் வைத்திருந்தவர்களில் 7. இந்த நான்கு எண்களைப் படித்த நாளிலிருந்து, பாகம் கேட்கும் பெண்ணைப் பேராசைக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. போவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தால் ஓங்கிய கை தயங்குகிறது.

வயலிலும் நிலம் யார் பெயரில் என்பதுதான் கேள்வி. நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெண். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலம் யார் பெயரில் நடக்கிறது என்று பார்த்தால் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. பட்டா இல்லாதவள் அரசின் கண்ணுக்கு விவசாயி ஆக மாட்டாள். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க் கடனுக்கும், பிரதமரின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவிக்கும் முதலில் கேட்கும் காகிதம் நில ஆவணம்தான். உலகம் முழுக்கவும் விவசாய நிலம் வைத்திருப்போரில் பெண்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம். நிலத்தில் பெண்ணுக்குச் சம உரிமை என்பதும் 2030-க்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்குகளில் ஒன்று. ஆண்டு நெருங்கிவிட்டது.

இதே சண்டை வேறு நாடுகளிலும் நடந்திருக்கிறது. போட்ஸ்வானாவில் கான்யே என்ற ஊரில் எடித் முசி என்ற மூதாட்டியும் அவருடைய மூன்று சகோதரிகளும் பெற்றோர் வீட்டைத் தங்கள் காசில் கட்டிக் காப்பாற்றி வந்தார்கள். அவர்கள் குல வழக்கப்படி குடும்ப வீடு கடைசி மகனுக்குத்தான் என்று சொல்லி உறவுக்காரப் பையன் ஒருவன் காலி செய்யச் சொன்னான். எண்பது வயதைத் தாண்டிய எடித் முசி விடவில்லை. 2012-இல் உயர் நீதிமன்றத்திலும் 2013-இல் மேல்முறையீட்டிலும் சகோதரிகள் வென்றார்கள்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு மாதிரி. தேசவழமைப்படி அங்கே வீடும் காணியும் சீதனமாக மகள் பெயரிலேயே எழுதப்படும். நம் பக்கத்துப் பெண்கள் கேட்டால் பொறாமைப்படும் வழக்கம் அது. ஆனால் மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். போரில் கணவன் காணாமல்போன பெண் என்ன செய்வாள்? இறந்தான் என்று சொல்லவும் காகிதம் இல்லை, சம்மதம் வாங்கவும் ஆள் இல்லை. தன் பெயரில் உள்ள காணிக்காகவே அவள் நீதிமன்றப் படியேற வேண்டும்.

பரம்பரை நிலமே இல்லாத பெண்களுக்குப் பாகப் பிரிவினைச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின் அந்தப் பகுதிக்கே போய்த் தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவரோடு சேர்ந்து 1981-இல் தொடங்கிய லாஃப்டி இயக்கத்தின் வழியாக, நிலச்சுவான்தார்களிடம் பேசி விலைக்கு வாங்கிய நிலத்தை நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பத்திரம் பெண்கள் பெயரில். ஆண் பெயரில் இருந்தால் அது சாராயக் கடைக்கும் கந்துவட்டிக்கும் போய்விடும் என்பதை அந்தப் பெண்களே அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்திலும் சமத்துவம் இன்னும் முழுதாக வந்துவிடவில்லை. கணவனை இழந்து, பிள்ளைகளும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து அவளைப் பெற்றவர்களுக்குப் போகாது. கணவன் வீட்டு வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். நாராயணி தேவி என்பவர் மணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்தார். மாமியார் வீடு விரட்டிவிட்டது. பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சேர்த்தார். அவர் இறந்தபின் அந்தச் சேமிப்பு முழுதும், அவரை ஒருநாளும் எட்டிப் பார்க்காத கணவனின் சகோதரி மகன்களுக்குப் போகும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி இருக்கிறது, இரக்கப்பட்டு மாற்ற முடியாது என்பதே நீதிபதிகளின் நிலை. இந்த விதியைத் திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்துவிட்டது. இன்னும் திருத்தவில்லை. ஆகவே வேலைக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருவரும், முப்பது வயதானாலும் சரி, ஓர் உயில் எழுதிவைத்துவிடுங்கள் என்று நான் பார்க்கும் இடமெல்லாம் சொல்கிறேன்.

மாற்றம் வருகிறது என்பதும் உண்மை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்றாகிவிட்ட தமிழ்நாட்டில், மகள் மட்டுமே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே பங்குப் பேச்சே எழுவதில்லை. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்வது மகள்தான் என்றான வீடுகளில், 'அவளுக்கும் சமமா எழுதுங்கப்பா' என்று சொல்லும் தம்பிகளையும் நான் சந்தித்திருக்கிறேன். எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. சட்டம் சமமானதும், உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு தானசெட்டில்மென்ட் எழுதிவைக்கும் அப்பாக்கள் பெருகிவிட்டார்கள்.

பதிவுத் துறை நினைத்தால் ஒரு காரியத்தை நாளைக்கே செய்யலாம். கிரயப் பத்திரத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை வாங்கும் அரசு, குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 1 விழுக்காடுதான் வாங்குகிறது, அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தச் சலுகையோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். விட்டுக்கொடுக்கும் பெண்ணின் பங்கு எத்தனை சென்ட், வழிகாட்டி மதிப்பில் அதன் விலை எவ்வளவு என்பதைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அண்ணன் தம்பிகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பெண் அலுவலர் அதை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் அவள் மனதாரக் கொடுத்தால் அது அவள் சொத்து, அவள் விருப்பம்.